செவுளைத் திறந்து பார்

சிங்கப்பூர் போய் வந்தவன் என்று தெரிந்தால் எங்கள் பக்கத்தில் கேட்பதெல்லாம் மூன்று கோபுரத்து மேல் கப்பல் கட்டிய ஓட்டலையும் முஸ்தபா கடையையும் பற்றித்தான். முஸ்தபாவில் வாங்கிய தைலமும் சாக்லேட்டும் அறந்தாங்கி வட்டாரத்து வீட்டு பீரோக்களில் இன்னும் கிடக்கும். எனக்கு அந்த ஊர் என்றாலே தேக்கா மார்க்கெட்டின் மீன் பகுதிதான். எப்போதும் நனைந்திருக்கும் தரை, பலகைக்கு அடியில் ஓடும் ஐஸ் தண்ணீர், ரப்பர் பூட்ஸ் போட்ட சீனப் பெரியவர்கள், செதில் தெறிக்கும் கத்தி. அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் இதை ஈரச்சந்தை என்று எழுதும். நாங்கள் மார்க்கெட் என்போம். அங்கேயே பிறந்து வளர்ந்த மூத்த தமிழர்கள் பாசார் என்பார்கள்.

மீன் பகுதி மனசில் ஒட்டிக்கொண்டதற்கு என் தாய்மாமாதான் காரணம். அவர் மீன் வியாபாரி. கட்டுமாவடியில் விடியுமுன் ஏலம் எடுத்து, டிவிஎஸ் 50 வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அறந்தாங்கி வரைக்கும் ஊர் ஊராக விற்பார். பள்ளி விடுமுறையில் நானும் பெட்டிக்கு முன்னால் இடுக்கி உட்கார்ந்து போவேன். கட்டுமாவடியோடு எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் முடிந்துவிடும்; அந்தப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டம். கொடுவா, மடவை, முரல், திருக்கை, நண்டு, இறால் என்று அங்கே வந்து இறங்குவதை இரண்டு மாவட்டத்து வியாபாரிகளும் நின்று கேட்பார்கள்.

"கண்ணப் பாக்காதடா, கண்ணு பொய் சொல்லும். ஐஸுல கெடந்தா நல்ல மீனுக்கும் கண்ணு வெளுத்துப்போவும். செவுளத் தொறந்து பாரு" என்பார் மாமா. செவுள் சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது. விரலை விட்டு வழித்து முகர்ந்து பார்க்க வேண்டும். கடல் வாசனை வேறு, கெட்ட வாசனை வேறு. தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்கக் கூடாது. வயிற்றை அமுக்கினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். இதோடு கிழமையும் பார்க்க வேண்டும். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுகளுக்குக் கடலில் வாரத்துக்கு மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்பது பாக் நீரிணையில் வெகுகாலமாக இருக்கும் ஏற்பாடு. எந்தப் படகு எப்போது கரைக்கு வந்தது என்று தெரியாமல் மீன் வாங்குகிறவனை மாமா ஒரு மனிதனாகவே மதிக்க மாட்டார். ஏப்ரல் 15 முதல் தடைக்காலம். அப்போது 45 நாள். 2017இலிருந்து 61 நாள். அந்த நாட்களில் அவர் மாங்காய் விற்பார், அல்லது வண்டியைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் படிப்பு எனக்கு ஒரு நாள் சோறு போடும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. 2003இல் கட்டுமான வேலைக்கு சிங்கப்பூர் போனேன். அந்த ஆண்டுதான் தேக்காவை ஒட்டி லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தைத் திறந்திருந்தார்கள். நாங்கள் தங்கியது ஊருக்கு ஒதுக்குப்புறத்தில். கிழமை நாட்களில் கேட்டரிங் சோறு. விடியற்காலையில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், மத்தியானம் வெயிலில் உட்கார்ந்து பிரித்தால் சாம்பார் ஒரு பக்கம் நுரைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொந்தச் சமையல். அறைக்காரர்கள் காசு போட்டு, முறை வைத்து மார்க்கெட்டுக்குப் போவோம். மன்னார்குடிக்காரர் ஒருவர், பட்டுக்கோட்டை ஆட்கள், சிவகங்கைப் பையன், எங்கள் மாவட்டத்துக்காரர்கள். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டுமா கூடாதா என்பதில் ஒவ்வொரு வாரமும் ஒரு சண்டை நடக்கும். மன்னார்குடிக்காரர் ஜெயிப்பார், ஏனென்றால் கரண்டி அவர் கையில்.

மீன் வாங்கும் பொறுப்பு சீக்கிரமே எனக்கு நிரந்தரமாகிவிட்டது. முதல் தடவை போனபோது கடைக்காரச் சீனர், அறுபதைத் தாண்டியவர், நான் மீனைத் தொட்டதும் கையை வீசி அதட்டினார். ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு வாங்காமல் போவான் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படிப் போகிறவர்களும் உண்டுதான். நான் குவியலுக்கு அடியிலிருந்த ஒரு கொடுவாயை இழுத்து, செவுளைத் திறந்து காட்டி, மேலே அடுக்கியிருந்ததை நகர்த்திவிட்டேன். மேலே இருந்தது பார்வைக்குப் பளபளப்பு. முந்தின நாள் சரக்கு. அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு நான் எடுத்ததைத் தராசில் போட்டார். அடுத்த வாரத்திலிருந்து அதட்டல் இல்லை. "ஆனே, திஸ் ஒன்" என்று பலகைக்கு அடியில் வைத்திருந்த பெட்டியிலிருந்து எடுத்துத் தருவார். அங்கே சீனர்கள் தமிழ் ஆண்களை அண்ணன் என்பதைத் தேய்த்து ஆனே என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவரை அங்கிள் என்பேன்.

எங்களுக்குள் ஓடிய மொழியை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தர மாட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு அதைவிடக் கொஞ்சம். மீதியைச் சந்தை மலாய் பார்த்துக்கொண்டது. பெராப்பா என்று விலை கேட்பேன். சொன்னதும் மஹால் என்று முகத்தைச் சுளிப்பேன், கூராங் சிக்கிட் என்று குறைக்கச் சொல்வேன். போத்தோங் என்றால் நறுக்கிக் கொடுப்பார். தலையை அப்படியே வைக்கச் சொல்ல விரலால் கோடு போட்டுக் காட்டுவேன். பக்கத்துக் கடைகளில் தமிழில் எண் சொல்லி விற்கும் சீனர்களும் இருந்தார்கள். "வஞ்சிரம், நல்ல வஞ்சிரம்" என்று சீன ராகத்தில் கேட்டு முதலில் சிரித்திருக்கிறேன்.

வேலை இடத்தில் எனக்கு ஒரு எண் இருந்தது. தலைக்கவசத்தில் ஒட்டியிருக்கும், பெர்மிட்டில் இருக்கும், சம்பளச் சீட்டில் இருக்கும். சிமெண்டு எவ்வளவு, கம்பி எங்கே என்பதில் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார்கள். சொன்னதைச் செய்யும் இடம் அது. வாரத்தில் ஒரு காலை, அந்தப் பலகைக்கு முன்னால் மட்டும், எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் இன்னொருவருக்கு உபயோகமாக இருந்தது. பக்கத்தில் நிற்கும் சிங்கப்பூர்த் தமிழ் அம்மாக்கள், "தம்பி, இது நல்லா இருக்கான்னு பாத்து சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அங்கிளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் நான் நல்லதில்லை என்று சொன்ன மீனை அவர் மறுபடியும் எடுத்து வைத்ததில்லை.

நாங்கள் வாங்கியதெல்லாம் பெரும்பாலும் மலிவான மீன்கள். குனிங் மீன், கெம்போங் என்று அங்கே சொல்லும் கானாங்கெளுத்தி. வறுத்தால் குனிங், குழம்புக்குக் கானாங்கெளுத்தி. குராவ் என்கிற காலா மீனை விலை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். இக்கான் மேரா எனப்படும் சிவப்பு மீனின் தலைக்குத்தான் அங்கே ஏகப்பட்ட கிராக்கி. கேரளத்திலிருந்து வந்த ஒருவர் 1940களின் கடைசியில் சீனர்களுக்காக அதைக் குழம்பில் போட்டு விற்கத் தொடங்கினாராம். இன்று ஊருக்கே அது அடையாளம். எங்கள் வீட்டில் தலையை ஆண்கள் தட்டில் வைப்பது மரியாதை. அதற்குக் கடையில் தனி விலை போட்டு விற்கலாம் என்று மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

கறிக்கடை விஷயத்தில் எனக்கு மன நிறைவு ஏற்பட்டதே கிடையாது. புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கூடும் ஆட்டுச் சந்தைக்கு அப்பா போவார். வெள்ளாட்டின் முதுகில் கையை வைத்து அழுத்தியே எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார். தேக்காவில் தமிழ் பேசும் பாய் கடைகளில் தொங்கியது ஆஸ்திரேலியாவிலிருந்து குளிரில் வந்த ஆடு. சுத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் செம்மறிக் கொழுப்பின் வாடைக்கு எவ்வளவு இஞ்சி போட்டாலும் பத்தாது. இதை அவர்களிடம் சொன்னால், "ஊருக்குப் போய் சாப்புடு தம்பி" என்பார்கள். நியாயமான பதில்.

காய்கறிக்கு எருமைத் தெரு, அதாவது பஃபலோ ரோடு. மார்க்கெட்டை ஒட்டிய அந்தத் தெருவில் கடைகள் நடைபாதை வரை வழிந்து கிடக்கும். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ, மாவிலை, வாழையிலை. அந்தப் பகுதியில் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்ததால் வந்த பெயர் அது. பழைய மார்க்கெட் கட்டடம் 1915இல் எழுந்தது, சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருந்ததாம். 1982இல் அதை மூடி, இந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றி, சீன உச்சரிப்பில் ஜூஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். யார் வாயிலும் அது நுழையவில்லை. 2000இல் அரசாங்கமே இறங்கி வந்து தேக்கா என்று மாற்றியது. சந்தைக்குப் பெயர் வைப்பது சந்தைக்குப் போகிறவர்கள் வேலை என்பது என் கட்சி.

புதிதாக வந்தவன் எல்லோரையும் போல நானும் பெருக்கிப் பார்த்துக்கொண்டுதான் வாங்கினேன். அப்போது ஒரு வெள்ளி நம் காசில் 26, 27 ரூபாய். ஒரு முருங்கைக்காயைக் கையில் எடுத்துப் பெருக்கினால் கை தானாகக் கீழே வைத்துவிடும். எங்கள் கொல்லையில் முருங்கைக்காய் காய்த்து முற்றி வெடித்துப் போகும், கேட்க ஆள் இருக்காது. "பெருக்காதே, பெருக்கினா சாப்பிட முடியாது" என்று அறையில் மூத்தவர் சொல்வார். அவர் கணக்கைத் திருப்பிப் போட்டிருந்தார். சம்பளத்தைப் பெருக்கிப் பார்ப்பார், செலவைப் பெருக்க மாட்டார்.

சிங்கப்பூர் தின்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருவது. கேமரன் மலையிலிருந்து லாரியில் முட்டைக்கோஸும் கீரையும் வரும். நம் திருச்சி விமான நிலையத்திலிருந்தும் காயும் பூவும் சரக்காக ஏறும். கீரமங்கலம் பூக் கமிஷன் கடைகளில் விடியற்காலையில் மல்லிகையும் முல்லையும் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் முழம் போடும் சரம் எந்த ஊர்ப் பூ என்று கேட்பேன். "இந்தியாப் பூ" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது.

அங்கே போய்த்தான் வள்ளைக்கீரை சாப்பிடப் பழகினேன். எங்கள் ஊர்க் குளத்தோரம் அது கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கும். மார்க்கெட்டில் காங்கோங் என்று கட்டுக் கட்டாக விற்றார்கள். கடைக்கார மலாய் அம்மாவிடம் எப்படிச் சமைப்பது என்று கேட்டேன். இறாலைப் புளிக்க வைத்து அடை போல் செய்த பெலாச்சானைக் கிள்ளிப் போட்டு, மிளகாய் இடித்து, பெருந்தீயில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும் என்றார். பெலாச்சான் வறுபடும் வாடைக்கு அறையில் பாதிப் பேர் வெளியே ஓடினார்கள். சிவகங்கைப் பையன் மட்டும் கருவாட்டு வாசனை என்று சந்தோஷப்பட்டான். ஊருக்குத் திரும்பியபின் குளத்தில் பறித்துச் செய்துகாட்டினேன். என் மனைவி ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை.

மார்க்கெட்டுக்கு எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் சூட்சுமம். காலை ஏழு மணிக்கு நல்ல மீனெல்லாம் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு. ஞாயிறும் அரைநாள் வேலை வந்துவிட்டால் நாங்கள் போய்ச் சேரும்போது கடைகளைக் கழுவத் தொடங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் கூறு கட்டுவார்கள். மிச்ச மீனெல்லாம் ஒரு தட்டு ஐந்து வெள்ளி என்று குரல் கொடுப்பார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் பொழுது சாயும்போது நடப்பதேதான். கூறுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கவிழ்த்துப் பார்க்க விட மாட்டார்கள் என்பதும் அதேதான். கறிவேப்பிலை கொசுறு கேட்டால் தமிழ்க் கடைகளில் ஒரு கொத்து கிடைக்கும். சீனக் கடைகளில் கேட்காமலே ஒரு தாள் வெங்காயத்தழை பைக்குள் விழும்.

ஒரு சனிக்கிழமை இரவு அங்கிள் என்னை ஜூரோங் மீன் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1969இலிருந்து இருக்கும் மொத்த விற்பனை இடம். நடு ராத்திரிக்கு மேல்தான் அது விழிக்கும். இந்தோனேசியாவிலிருந்து படகிலும், மலேசியா தாய்லாந்திலிருந்து லாரியிலும் வந்த பெட்டிகள் வரிசையாக. வெள்ளை விளக்கு, தரையெங்கும் தண்ணீர், கத்திக்கொண்டே தள்ளுவண்டி இழுக்கும் ஆட்கள். அவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். கட்டுமாவடியைப் பத்து மடங்கு பெரிதாக்கி மேலே கூரை போட்டது போல் இருந்தது. அங்கிள் என்னை ஒரு பெட்டிக்கு முன் நிறுத்தி, வாங்கலாமா என்று கண்ணால் கேட்டார். செவுளைத் திறந்தேன். வேண்டாம் என்றேன். அடுத்த பெட்டிக்குப் போனோம். அவருக்கு என் யோசனை தேவைப்பட்டதா, விளையாட்டுக்குச் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவர் நாற்பது வருஷமாக மீன் விற்றவர்.

அங்கேயும் தேக்காவிலும் கயிறு கட்டி அடுக்கிய சேற்று நண்டுகளில் பல இலங்கையிலிருந்து வருபவை. சிங்கப்பூர் மிளகாய் நண்டு என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதற்கு ஆசைப்படுகிறவர்கள் இலங்கை நண்டையே கேட்பார்கள். ஜெகதாப்பட்டினத்துப் படகு நீரிணையில் கோடு தாண்டியது என்று இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் செய்தியைப் படித்துவிட்டு நான் மார்க்கெட்டுக்குப் போன நாட்கள் உண்டு. எதிர்க்கரை நண்டு விமானத்தில் சுகமாக வந்து பலகையில் உட்கார்ந்திருக்கும்.

2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தில் அடிபட்டு எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் இறந்ததும், அதைத் தொடர்ந்து கலவரம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரம். அன்று பகலில் நாங்கள் அங்கே மீன் வாங்கியிருந்தோம். மறு வாரம் அந்த வட்டாரத்தில் மது விற்கத் தடை, தெரு முனையெல்லாம் போலீஸ். காய்கறிக் கடைகளில் ஆள் இல்லை. மீன் கடை அங்கிள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை; எடை போட்டபின் இன்னொரு மீனைச் சேர்த்துப் போட்டார். நான் அதற்குக் காசு கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல். வடகாட்டுப் பலா, கீரமங்கலம் பேராவூரணித் தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. எங்கள் அறையில் தென்னந்தோப்பு இல்லாதவன் சிவகங்கைப் பையன் ஒருவன்தான். மின்சாரம் இல்லாமல் ஊரில் பல நாள் போன் எடுக்க ஆளில்லை. அந்த வாரமும் சமையல் முறை வந்தது. தேக்காவில் இயந்திரத்தில் துருவிய தேங்காயைப் பையில் நிறுத்துத் தரும் கடைக்குப் போனோம். பட்டுக்கோட்டைக்காரர் விலையைக் கேட்டு எந்நாளும் இல்லாத கோபத்தில் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். நூற்றைம்பது மரம் விழுந்திருந்தது அவருக்கு. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு ஐந்தாறு வருஷம் ஆகும், அதுவரை இங்கேயே இருக்க வேண்டும் என்று அந்த இடத்தில் நின்றே கணக்குப் போட்டார். அன்றைக்கு மட்டும் குழம்புக்குத் தேங்காய் வேண்டுமா என்ற சண்டை நடக்கவில்லை.

அதன்பின் கொரோனா. 2020 ஏப்ரலில் விடுதிக் கதவுகளை மூடியபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ளே. மூன்று வேளையும் பொட்டலம். வெளியே கூட்டம் சேரும் நான்கு சந்தைகளுக்கு, கேலாங் சிராய், சோங் பாங், மார்சிலிங், ஜூரோங் வெஸ்ட், அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் விடுகிறார்கள் என்று செய்தி படித்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதே எங்களுக்குப் பெரிய சலுகையாகத் தெரிந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போய்வரலாம் என்று முன்னோட்டமாக விட்டார்கள். பிறகு ஆட்களைக் கூட்டினார்கள். என் முறை வந்தபோது கோவிலுக்குப் போகாமல் நேரே மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். அங்கிள் கடை இருந்த இடத்தில் வேறொருவர் நின்றார். இளைஞர், கையுறை போட்டிருந்தார், மீனைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்து மெழுகுத்தாள் ஒட்டியிருந்தார். பழையவர் ஓய்வெடுத்துக்கொண்டார், பிள்ளைகள் அலுவலக வேலைக்காரர்கள், கடையை யாரும் ஏற்கவில்லை என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். தட்டில் துண்டாக இருக்கும் மீனுக்குச் செவுள் ஏது? நான் பக்கத்துக் கடைக்கே நகர்ந்தேன். முழு மீனைத் தொட்டதும், "டோன்ட் டச்" என்று அதட்டல் வந்தது.

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். மாமா இல்லை. கட்டுமாவடிக்கு வண்டியில் போய் மீன் வாங்கி வருவேன். அங்கேயும் இப்போது கூகுள் பேயில் காசு. போன மாதம் அக்கா மகன் சிங்கப்பூர் கிளம்பினான். என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்க வந்தவனிடம் மார்க்கெட்டைப் பற்றித்தான் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கு மாமா, சாப்பாடு கம்பெனியே குடுத்துருமாம். ஏஜெண்ட் சொல்லிட்டாரு."

"சாப்பாடு குடுப்பான். ரெண்டு வாரம் தின்னு பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு."

மூன்றாவது வாரம் பண்ணினான். ஞாயிறு வேலை, திங்கள் லீவு, அறைக்காரர்களோடு தேக்கா போகிறார்களாம், மீன் வாங்க எந்தக் கடை என்று கேட்டான். திங்கட்கிழமை மீன்கடையில் பாதி இருக்காது, இருப்பதும் முந்தின நாள் சரக்கு, அன்றைக்குக் கோழி வாங்கிக்கொள் என்றேன்.